ஓரம் சுத்தமா?

மார்ச் 9

காலையில் எட்டாம் வகுப்புக்கு மலைத்தொடர்கள் பாடம் நடத்தினேன். மதியம் ஆஸ்பத்திரி. என் இடது மார்பில் எடுத்த கட்டிக்கும், அதோடு அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களுக்கும் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. புற்றுநோய், கட்டி அகற்றப்பட்டது. இரண்டே வரி. டாக்டர் அனார்குல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா, அந்தக் கணுக்களுக்குப் பரவியதா, எந்த மருந்து கேட்கும் – ஒன்றுமில்லை. தெரியாத நிலையில் மார்பை முழுதாக எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றார்.

மார்ச் 10

என் கணவர் தொக்தோசுனும் அதையேதான் சொல்கிறார். "எடுத்துரட்டும். நீ இருந்தாப் போதும் எனக்கு."

எடுக்கத்தான் வேண்டுமென்றால் கொடுத்துவிடுவேன். வேணுமான்னே யாருக்கும் தெரியலையே, அப்புறம் எதுக்கு?

மார்ச் 12

ஆய்வுக்கூடத்துக்கு நானே போனேன். நரின் மாகாணம் முழுவதற்கும் திசுக்களைப் பார்க்கிற டாக்டர் நசிபா அக்கா ஒருவர்தான். சண்டை போடப் போனவள், மேசையில் குவிந்திருந்த கண்ணாடித் தகடுகளைப் பார்த்ததும் தணிந்துவிட்டேன். கட்டியில் எது மேல்பக்கம் என்றுகூட ஆஸ்பத்திரியில் அடையாளம் வைக்காமல் அனுப்புகிறார்கள், கேட்பதும் புற்றா இல்லையா என்று மட்டும்தான் என்றார்.

"அந்த ரெண்டு வரிய வச்சு என் மாரை எடுக்கப் போறாங்க, அக்கா."

அலமாரியைத் திறந்து என் பெயர் எழுதிய பெட்டியை எடுத்தார். பிறகு, "திசுவ மெழுகுல வச்சிருக்கேன், தூக்கிப் போடல. மறுபடி முழுசாப் பாக்குறேன். எந்த மருந்து கேக்கும்கிறத மட்டும் தலைநகரத்துல, பிஷ்கெக்குலதான் பாக்கணும்" என்றார்.

மார்ச் 14

தொக்தோசுன் மெழுகுத் துண்டைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு பிஷ்கெக்குக்குக் கிளம்பினார். தோலோன் கணவாயில் பனி. கோச்கோர் ஊரைத் தாண்டியதும் போன் செய்தார். பத்திரமாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

மார்ச் 21

நௌருஸ், புத்தாண்டு. பக்கத்து வீடுகளில் சுமலக், அந்தக் கோதுமை முளைக் களி, கிண்டக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஏன் இன்னும் ஒரு சேதியும் வரல?

மார்ச் 27

ஓரம் சுத்தம். எல்லாப் பக்கமும். கணுக்களிலும் நோய் இல்லை. ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகையாம். நசிபா அக்கா இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அனார்குல் வரிவரியாகப் படித்துவிட்டு, "மார்ப எடுக்க வேண்டாம். கதிர் வச்சுட்டு மாத்திரை சாப்பிடுங்க" என்றார்.

காரில் காத்திருந்த தொக்தோசுனிடம் சொன்னேன். வண்டியைக் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தார். "பயத்துலதான் எடுக்கச் சொன்னேன்."

எனக்குத் தெரியாதா.

ஏப்ரல் 6

நாளை கதிர் சிகிச்சைக்குப் பிஷ்கெக். இனிமேல் எல்லாக் கட்டிகளையும் நூல் தைத்து அடையாளத்தோடு அனுப்பப் போவதாக அனார்குல் சொன்னார். அப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தியது நசிபா அக்காவாம்.

பையில் தேர்வுத் தாள்களையும் எடுத்து வைத்தேன். நரின் ஆறு மலைமேல் ஏறிப் போகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள். நான் சிரித்த சத்தத்தில் தொக்தோசுன் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.