டின் பால் போத்தல்

14 மார்ச் 1961, செவ்வாய்

என் இரண்டரை வயது மகள் மீனாவின் முன்பற்கள் நான்கும் சொத்தை. கிளினிக்கில் தாதி கேட்டாள்:

"ராத்திரி போத்தலோடயா தூங்குது?"

"ஆமா, டின் பால். இல்லாட்டி அழுவா."

"சீனிப்பால் விடிய விடிய பல்லுல நிக்குது லா. குடிச்சதும் ஈரத்துணியால துடைக்கணும். அவங்கம்மா செய்யலையா?"

செய்தாள். தினமும் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை. மின்நிலையத்தில் ஓர் இயந்திரம் கைமாறினால் பழைய ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்கிறவன் நான். சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என் மனைவி கிடந்த மூன்று வாரமும் பக்கத்திலேயே இருந்தேன். பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று போத்தலில் வெறும் தண்ணீர் கொடுத்தேன். மீனா அதைத் தள்ளிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்றாள்.

"சொல்லும்மா" என்றேன். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.