முத்துமாரிக்கு வியாழக்கிழமை தேதி

எனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய என் மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நல்ல சேதி ஏதாவது கிடைத்ததும் எழுதலாம் என்றிருந்தேன். கிடைக்கவில்லை.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மருத்துவ முகாமில் பார்த்து, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்த பெண்களை, தேனி ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளில் போகச் சொல்லி வீடுவீடாக நினைவுபடுத்துகிறேன். தலையாட்டுகிறார்கள். அன்று காலையில் ஜீப் ஏறிக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டு, பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். நீங்கள் போன மாதிரியே.

உங்களுக்கும் மூன்று முறை தேதி சொன்னேன். "காய் எடுப்பு முடியட்டும் ஆத்தா, ஆஸ்பத்திரி எங்கிட்டு ஓடிப்போகப் போகுது" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு உதிரம் நிற்காமல் மதுரைக்குக் கொண்டுபோனபோது, டாக்டர், அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நீங்கள் வெளியே என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். மதினி, என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே.

இப்போது உங்கள் மகள் முத்துமாரிக்கும் சந்தேகம் என்று வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். முதல்நாளே சொன்னேன், சரி என்றாள். காலையில் போனால் ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் வீட்டில் கிடந்தது. எடுத்துக்கொண்டு கூடலூரில் ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். மற்ற பெண்களோடு நெருக்கி உட்கார்ந்திருந்தாள். இறங்கு என்று கையைப் பிடித்தேன்.

அவள் உதறவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்: "எங்கம்மாவுக்கு எத்தன தடவ தேதி சொன்னீக அத்தை? ஒரு தடவயாச்சும் கூடப் போனீகளா?"

பிடித்த கையை விட்டுவிட்டேன். ஜீப் குமுளிப் பக்கம் ஏறிப் போயிற்று.

நான் மட்டும் தேனிக்குப் பஸ் ஏறினேன். வரிசையில் நின்று வேறொரு நாள் கேட்டேன். வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தார்கள். ஆள் வராமல் தேதியை மட்டும் வாங்கிப்போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வருவாள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை மதினி. ஆனால் வியாழக்கிழமை அவளுக்கு முன்பே அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அவள் இறங்கினால் தேனிக்கு, இறங்காவிட்டால் தோட்டம் வரைக்கும், பக்கத்திலேயே போவேன். உங்களிடம் ஒருநாளும் கேட்காததை அவளிடம் கேட்பேன்: பயமா இருக்கா தாயி?

உங்கள் நாத்தனார்,
செல்வி