வேப்பமரத்தில் மிஞ்சிய வாளி

அக்கா,

நேற்று உன் மகள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நான் வாட்ச்மேனாக இருக்கும் புதுக் கட்டடத்துக்கே தேடி வந்துவிட்டாள். "மாமா, அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னுச்சு. காரியத்தன்னைக்கே குடுத்திருக்கணும், மறந்துட்டேன்" என்று மஞ்சள் பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்து நீட்டினாள். மூடியில் ஆணியால் கீறிய 'செ' அப்படியே இருந்தது. என் வாளி. இருபது வருஷத்துக்கு மேல் நீ தூக்கிக்கொண்டு திரிந்த என் வாளி. மறதி நம் குடும்பச் சொத்து போலிருக்கிறது என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் போனபிறகு அழுதேன்.

பேரையூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் அப்போது நான் பாறையில் குழி போடுகிற ஆள், நீ சம்மட்டியால் கல் உடைக்கிறவள். குவாரி முதலாளி கட்டிவிட்ட லைன் வீட்டில்தான் உனக்குக் குடித்தனம், நான் ஊரிலிருந்து வந்துபோகிறவன். வேலை போனால் வீடும் போகும். குவாரிப் பள்ளத்து மேட்டில் ஒரு வேப்பமரம் நின்றது. காலையில் இறங்குவதற்கு முன் ஆளுக்கொரு வாளியை அதில் மாட்டுவோம். மதியம் ஏறிவந்து சாப்பிட்டுக் கழுவித் திரும்ப மாட்டுவோம். சாயங்காலம் பாறைக்கு வேட்டு வைக்க விசில் ஊதினால், மேலே வருகிறவர்கள் அவரவர் வாளியைக் கழற்றிக்கொள்ள வேண்டும். மரம் காலியென்றால் பள்ளமும் காலி. நமக்கு முன்னால் யாரையோ உள்ளே விட்டுவிட்டு வேட்டு வைத்துவிட்டார்களாம், அவருடைய வாளி மறுநாள்வரை மரத்தில் தொங்கியதாம். அதிலிருந்து வந்த வழக்கம். முதலாளி போட்ட சட்டமில்லை, ஜனங்களாக வைத்துக்கொண்டது.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். மதியச் சோற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜல்லி ஏற்றிய லாரி கிளம்பவும், யாரிடமும் சொல்லாமல் முன்னால் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போய்விட்டேன். வாளி மரத்திலேயே நின்றுவிட்டது.

நான் போர்த்திப் படுத்திருந்த நேரத்தில் அங்கே நடந்ததை மறுநாள் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். விசில் ஊதியாயிற்று. எல்லோரும் மேலே வந்தாயிற்று. மரத்தில் ஒரே ஒரு வாளி. "எவனோ மறந்துட்டுப் போயிருப்பான், திரியப் பத்தவைங்கப்பா" என்றிருக்கிறார் சூப்பர்வைசர். நீ போய் வாளியைத் தூக்கிப் பார்த்தாயாம்.

"கனக்குது. சோறு அப்படியே இருக்கு. சாப்பிடாம எவன் வீட்டுக்குப் போவான்? செல்வம் உள்ளதான் இருக்கான்."

"லாரி காத்துக்கிட்டு இருக்கு. ஒரு வாளிக்காக வேலைய நிறுத்தச் சொல்றியா?"

லாரிப் பாதையில் விடுவிடுவென்று இறங்கிவிட்டாயாம். குழி நிறைய வெடிமருந்து நிரப்பி, திரியை வைத்து, நெருப்பு ஒன்றுதான் பாக்கி. அப்படிப்பட்ட பள்ளத்துக்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறாய். குழி போடும் கம்ப்ரசருக்குப் பின்னால், நான் மதியத்தில் சாயும் பாறை மறைவில், தண்ணீர் தேங்கிய மூலையில் எல்லாம் பார்த்திருக்கிறாய். உனக்கு அப்போதே கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் தொடங்கியிருந்தது. இருமலும் கூப்பாடுமாகக் கேட்டது என்றார்கள். பொழுது சாயும்போது முழங்கால் சிராய்ந்து ஏறிவந்திருக்கிறாய். அன்றைக்கு வேட்டு வைக்கவில்லை.

சூப்பர்வைசர் அங்கேயே சொல்லிவிட்டார், நாளை மறுநாளுக்குள் நீ லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று.

மறுநாள் காலையில் நான் தெளிந்த முகத்தோடு வந்து நின்றபோது, என்னைக் கொன்றுபோடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாய்.

"என்னால வீடு போச்சேக்கா. நான் இல்லாத பள்ளத்துல வீணா எறங்கினியே."

"நீ இல்லன்னு பாத்துட்டுத்தானடா வந்தேன். அது வீணா?"

எனக்கு இன்றும் அது முழுசாகப் பிடிபடவில்லை அக்கா. நமக்காக ஒருத்தர் உயிரைக் கொடுக்கத் துணிவது ஒன்று. துணிந்தது தண்டமாகப் போனபிறகு, வீடும் போகிற நேரத்தில், நாம் அங்கே இல்லை என்பதற்காகச் சந்தோஷப்படுவது வேறு. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை நாலு வார்த்தை திட்டாமல் விட்டிருக்க மாட்டேன்.

அன்று காலை எல்லோரும் வழக்கம்போல வாளியை மாட்டினார்கள். ஆனால் ஒருத்தரும் இறங்கவில்லை. யார் முதலில் சொன்னது என்று இப்போதும் தெரியாது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். முந்தின நாள் மருந்து நிரப்பிய குழிகள் அப்படியே கிடந்தன. பள்ளத்தில்தான் ஆளில்லையே, வேட்டை வை என்று விசில் ஊதினார் சூப்பர்வைசர். வெடி வைக்கிற அண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டு வாளி தொங்குதுங்க. எனக்குக் கை வராது" என்று சொல்லி, அதுவரை மாட்டாத தன் வாளியையும் கொண்டுவந்து மாட்டினார். மதியம் வந்தது. வாளியை இறக்கினால் அந்தச் சாக்கில் வேட்டு வைத்துவிடுவார்கள் என்று யாரும் கை வைக்கவில்லை. தலைக்கு மேலே சோறு தொங்க, கீழே பட்டினியாக உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் புளித்த வாடை அடித்தது, காக்காய்கள் மூடியைக் கொத்தின. அத்தனைக்கும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அந்த மரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோயில் வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது.

மூன்றாம் நாள் முதலாளியே காரில் வந்தார். மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். எல்லோரும் உன்னைப் பார்த்தோம்.

"மரத்துல ஒத்த வாளி இருந்தாலும் வேட்டு வைக்கக் கூடாதுங்க. அம்புட்டுதான்."

அம்புட்டுதானாம். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை நீ. மறந்தாயா, வேண்டாமென்று விட்டாயா, கடைசிவரை கேட்டும் நீ சொல்லவில்லை. அதுவரை பின்னால் ஒளிந்து நின்ற நான் அப்போதுதான் எழுந்தேன். "அக்கா வீடும் இருக்கணும்யா" என்றேன். முதலாளி இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் வாளியை இறக்கினார்கள். என்னுடையதை நீ எடுத்து, கெட்டுப்போன சோற்றைக் கொட்டி, மண் போட்டுத் தேய்த்தாய். வாங்கக் கை நீட்டினேன். உன் வாளியைத் தந்தாய்.

"என்னத நீ தூக்கு. அடுத்தவ பொருள்னா மறக்க மாட்ட."

மறக்கவில்லை அக்கா. குவாரி மூடி, நீ சமயநல்லூருக்கு மகள் வீட்டோடு போனபிறகும் உன் வாளியில்தான் சாப்பிடுகிறேன். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் அதில்தான் கஞ்சி கொண்டுவந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "வாளிய எடுத்துக்கிட்டுப் போ" என்றாய்.

இங்கே வேலைக்கு வருகிறவர்கள் சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றி வாசல் கேட் பக்கத்து ஆணிகளில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நான் கேட்டுக்கொண்டதற்காகச் செய்கிறார்கள். இன்று ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. "எவனாவது தலையிலயே மாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்ணே, பூட்டுங்க" என்றார் இன்ஜினியர் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூட்டு வலியோடு ஆறு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு அறையாக, தண்ணீர்த் தொட்டிவரை, குரல் கொடுத்துக்கொண்டே பார்த்தேன்.

ஒருத்தரும் இல்லை அக்கா. அம்புட்டு சந்தோஷமாக இறங்கி வந்தேன்.