அப்பாவின் கோட்டும் காந்த வயரும்

ஹட்டன்,
2008 ஒக்டோபர் 21

அன்பு மகன் ஜனகனுக்கு, அம்மா நாகலெட்சுமி சொல்லச் சொல்லத் தங்கச்சி கஜனி எழுதுவது.

இங்கே நானும் தங்கச்சியும் குளிரைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். நீ லண்டனில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனுக்குத் தினமும் விளக்கு வைக்கிறேன். மழை விட்டபாடில்லை, மத்தியானம் ஆனால் இடியும் சேர்ந்து வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் மகளுக்கு வலப்பனையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். கஜனிக்கு டிசம்பரில் ஓ.எல். பரீட்சை, சுவரைப் பார்த்துக்கொண்டு விஞ்ஞானம் படிக்கிறாள். நான் ஒன்று சொன்னால் இவள் அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள், வாசித்துக் காட்டும்போது நானா இப்படிப் பேசினேன் என்று சிரிப்பாக இருக்கிறது.

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே கிடக்கிறது மகன். "நான் சாவுக்கு வரலல்லம்மா, அதான் என் மொகத்தப் பாக்கப் புடிக்காம அப்பா வயரப் புடுங்கிவிடுறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதன்பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அப்பாவின் சாவுக்கு விசா இல்லாத பிள்ளை வந்தால் திரும்பிப் போக முடியாது, வரவேண்டாம் என்று சொன்னவளே நான்தான். அப்பாவைக் கேட்டிருந்தாலும் அவரும் அதையே சொல்லியிருப்பார். இனி நான் சொல்வதைப் பொறுமையாக வாசி.

ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேச நீ அனுப்பிய லெப்டொப் சார்ஜ் ஏறவில்லை, வயர் கழன்று கிடக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கதையும் உனக்குத் தெரியாது. இரவு படுக்குமுன் வாயில் காந்தம் வைத்த அந்தச் சார்ஜ் வயரை லெப்டொப்பில் ஒட்டிவிட்டுப் படுப்போம், காலையில் பார்த்தால் அது கழன்று மேசைக்குக் கீழே தொங்கும். கதவு பூட்டியது பூட்டியபடி இருக்கும், வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. அப்பாவின் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மலைக்கு அந்தப் பக்கம் இடி உறுமினாலே "எல்லாத்தையும் புடுங்குங்க, எல்லாத்தையும் புடுங்குங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டு டீவி, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போதாததற்கு ராக்காயி அக்கா வீட்டுக் கரண்ட் கேத்தலையும் கழற்றிவிட்டு வருவார். அவர் போன பிறகு வயர் தானாகக் கழன்றால் நான் யாரை நினைப்பேன் சொல்லு. விஷயம் வெளியே தெரிந்ததும் ராக்காயி அக்கா, "அண்ணே இன்னும் வீட்டத்தான் சுத்துறாரு, பூசாரியக் கூட்டியாந்து கட்டிப்புடுங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம், "வந்துட்டுப் போற மனுசனக் கட்டிப்போட அவரு என்ன மாடா" என்று கேட்டுவிட்டேன். எனக்குப் பயமே இல்லை மகன். காலையில் கண் விழித்ததும் அந்த வயரைத்தான் பார்ப்பேன், தொங்கினால் வந்து போயிருக்கிறார் என்று மனது ஆறும், அதற்குப் பிறகுதான் அடுப்பை மூட்டுவேன்.

தங்கச்சி மட்டும் விடவில்லை. நீ முன்பு சொல்லிக்கொடுத்தபடி வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தாள், பெட்டரியைக் கழற்றி மாட்டினாள், வயரின் வாயைத் திருப்பி ஒட்டினாள். பச்சை வெளிச்சம் மினுக்கென்று வந்து அணைந்துவிடும், சார்ஜ் ஏறும்போது வரவேண்டிய மஞ்சள் வெளிச்சம் வரவே இல்லை. டவுனில் கடைக்காரப் பையன் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குப் போயிருச்சு, வேற வாங்குங்க" என்றான். சனிக்கிழமை இவள் டோர்ச் அடித்து வயரின் வாய்க்குள் பார்த்தாள். உள்ளே ஐந்து சின்னக் கம்பிகள், நடுக்கம்பி மட்டும் அமுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக, மயிர்போல ஏதோ நிமிர்ந்து நின்றது. "அம்மா, இரும்புத்தூள்! எங்க விஞ்ஞானப் புத்தகத்துல இதே மாதிரி படம் இருக்கு" என்று குதித்தாள். வீட்டில் இரும்புத்தூளுக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன், கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

பனியில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறதே என்று பகலில் லெப்டொப்பை அப்பாவின் கோட்டில் சுற்றித்தான் அலுமாரியில் வைப்பேன். அவர் கடைசி நாள் போட்டிருந்த கோட், தேயிலைப் பெக்டரிக் கிளாக்கர் ஐயா மடித்துக் கையில் கொடுத்தது, நான் இன்னும் துவைக்கவில்லை. வயரைச் சுருட்டி அதன் பைக்குள் போடுவேன். அப்பாவின் வேலை என்ன? கொழுந்து அரைக்கும் ரோலரில் தேய்ந்து தேயிலையோடு வரும் இரும்புத்தூளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும், அந்தக் காந்தத்தைத் துணியால் துடைப்பது. துடைத்த துணியைச் செருகுவது அந்தப் பைக்குள்ளேதான். அவர் பையில் இருந்த தூளைத்தான் உன் வயரின் காந்தம் இழுத்துக்கொண்டது. தூள் அடைத்ததால் வயர் சரியாக ஒட்டாமல் அதன் பாரத்திலேயே விழுந்திருக்கிறது. கேட்டுக்கொள் மகன், கோபமும் இல்லை ஒன்றும் இல்லை, அது அவர் உழைத்த தூள்.

தங்கச்சி சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, செலோடேப்பை ஒட்டி ஒட்டித் தூளை எடுத்தாள். ஈர்க்கால் மெல்ல நெம்பினதும் நடுக்கம்பி மேலே வந்தது. திரும்ப ஒட்டியபோது டக்கென்று பிடித்து மஞ்சள் வெளிச்சம் வந்தது. அந்தச் செலோடேப்பை நான் எறியவிடவில்லை, அப்பா படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். வயர் ஒட்டினபடியே இருந்தது, சார்ஜ் நிறைந்து பச்சை வெளிச்சம் எரிந்தது. சாவு வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை மகன்.

இனி நீ மனதைப் போட்டு அலட்டாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, தனியாக இருக்கிறோம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அங்கேயும் இடி இடித்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடு. முன்போல ஞாயிறுதோறும் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்போம், மறக்காமல் திரையில் வா. அப்பாவின் படத்தையும் உனக்கு நேராகவே வைக்கிறேன். அம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா நாகலெட்சுமி

அண்ணா, இது ஒரு வாரம் கழித்து, தபாலில் போடுமுன், அம்மா சொல்லாமல் நானாக எழுதுவது. தூளை எடுத்துச் சரியாக்கின பிறகும், இடி இல்லாத நாளிலும், காலையில் வயர் கழன்றுதான் கிடக்கிறது. படுக்கப் போகுமுன் அம்மாவே கழற்றித் தொங்கவிடுவதை நான் பார்த்துவிட்டேன், பார்த்ததாகச் சொல்லவில்லை. மறுநாள் நீ திரையில் வரும் நாள் என்று இந்தச் சனி இரவு மட்டும் அம்மா அதைத் தொடவில்லை. ஞாயிறு முழுவதும் பச்சை வெளிச்சம் எரிந்தது, நீதான் வரவில்லை.