சீட் பெல்ட்டில் சேறு

ஐப்பசி, வெள்ளி ராத்திரி

இருக்கிற காரை இவர் கம்பெனிக்கு எடுத்துப் போய்விடுகிறார். எனக்கும் பாப்பாவுக்கும் தினம் காஞ்சிபுரம் போய்வர, மைலேஜ் தருகிற பழைய வண்டி ஒன்று பார்க்கப் போனோம். இவருக்குப் பிடித்ததும் புரோக்கர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டான். நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த சேறு.

"இது வெள்ளத்துல முழுகின வண்டிங்க. மழையில நடுவழில நின்னுடும்."

"பழம் வெச்சாச்சி. இப்போ வேணாம்னா அபசகுனம். இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற?"

இவர் அப்படிச் சொல்லிவிட்டுப் பழத்தை நசுக்கி, வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டார்.

இவர் தூங்கியதும் ஏற்கெனவே இருக்கிற காரின் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சகுனம் பார்த்து வாங்கியவரே காலையில் அந்த வெள்ளத்து வண்டியில் கம்பெனிக்குப் போகட்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.