கொஞ்சம் தூக்கிப் போட்ட கோடு

மார்ச் 3
காலை எட்டே காலுக்கே எம்.டி. போன். "என்னம்மா, உங்க ஆளுங்க இன்னும் ஓகே சொல்லலையாமே?" மருந்தைக் கண்டுபிடிப்பவர்களுக்குக் கைதட்டல். அது சுத்தமா என்று சோதித்துச் சொல்லும் என் பகுப்பாய்வுப் பிரிவுக்கு வசவு. பதினேழு வருஷமாக இதே கூத்து.

மார்ச் 4
மருந்தை மெஷினில் ஏற்றினால் திரையில் ஒரே ஒரு மலை போல பீக் வர வேண்டும். பக்கத்தில் குட்டியாக இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் மருந்தில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. நாலு தடவை ஓட்டியாயிற்று, போக மாட்டேன் என்கிறது சனியன்.

மார்ச் 6
மீட்டிங்கில் எம்.டி. சொல்கிறார்: "அடியில ஓடுற பேஸ்லைன் கோட்டைக் கையால கொஞ்சம் தூக்கிப் போட்டா குட்டி மறைஞ்சிடுமே?" மறையும். படத்தில் மறையும், மருந்திலிருந்து போகுமா? அது நோயாளி உடம்புக்குள் போகிற சாமான் ஐயா! கத்திவிட்டேன்.

வீட்டில் இவர்: "துணைத் தலைவர் பதவி வர்ற நேரத்துல எதுக்கு வம்பு?" ஆமாம், நான்தான் வம்பை விலைக்கு வாங்குகிறேன்.

மார்ச் 7
எம்.டி. கேட்ட ஒரு கேள்வி மட்டும் நியாயம். "இத்தனை நாள் இல்லாத பீக் இப்ப எங்கேருந்து வந்துச்சு?" பழைய கோப்புகளைத் தோண்ட உட்கார்ந்தேன்.

மார்ச் 10
இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மருந்தைத் தயாரித்த முதல் பேட்ச். அதிலும் குட்டி இருந்திருக்கிறது. கோட்டைக் கையால் தூக்கி மறைத்திருக்கிறார்கள். காரணம் எழுதவில்லை. எந்த மடையன் என்று பார்த்தால், கீழே என் இனிஷியல்.

ஐயோ. நானா? நானேதான். வெறும் மெஷின் கிறுக்கல் என்று நினைத்திருப்பேன். நினைத்திருப்பேனா? ஞாபகமே இல்லையே! அந்த மருந்து சோதனைக்கு வந்த நாற்பது பேருக்குப் போயிருக்கிறது.

மார்ச் 11
சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 12
நடந்ததை நடந்தபடி எழுதி, என் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். எம்.டி. தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களே!" வீட்டில் சொன்னதும் இவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 29
நாற்பது பேரையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. இன்றுதான் ஒழுங்காக அழுதேன். மருந்துச் சோதனை ஆறு மாதம் நிறுத்தம். துணைத் தலைவரும் இல்லை, பிரிவுத் தலைவரும் இல்லை. என்னைத் திரும்ப மெஷினிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வேலை கற்றவள்தான் இனி தலைவி. எதற்கெடுத்தாலும் "எழுதி வச்சிருக்கா?" என்று கேட்டு உயிரை எடுப்பாள். அவளிடம் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்!

மே 14
கொடுத்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டாள் புதுத் தலைவி. "மேடம், மூணாவது படத்துல கோட்டைக் கையால போட்டிருக்கீங்க. காரணம் எழுதலையே?"

சுர்ரென்று வந்தது. ஒரு மயிரிழை நகர்த்தினேன், அதற்கொரு காரணமா! சொல்ல வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டு, உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம் வந்தது.