குடும்பப் பட்டியல்

கண்டி
செவ்வாய்க்கிழமை, ஆவணி 1997

என்னங்க,

தடுப்பு முகாமிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஆமிக்காரர்கள் உங்களைக் கூட்டிப்போய்ப் பதினோரு மாதத்துக்குப் பிறகு உங்கள் எழுத்தைப் பார்க்கிறேன். பிள்ளைகள் சுகம். கூரை இன்னும் ஒழுகுகிறது.

நம் நகரசபை மாடிவீட்டு ஏழைச் சனம் சொந்தக்காலில் நிற்கவென்று வெளிநாட்டு உதவி வந்தது. எனக்கும் ஒரு தையல் மெசின் கிடைத்தது. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறேன்.

விதவைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா, "எழுதிக் குடு புள்ள, தாள்ல எழுதினா ஆளு செத்தா போயிருவாரு?" என்றார். பொட்டை அழித்துவிட்டுப் போய்க் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி வைத்துக்கொண்டேன். உங்களிடம் கேட்டுச் செய்ய நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கிராம சேவகர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அன்றே குடும்பப் பட்டியலில் உங்கள் பெயரை வெட்டிவிட்டார்.

அந்தப் பட்டியலைக் காட்டினால்தான் உங்களை விடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று காலை மெசினைத் தலையில் சுமந்துகொண்டு அவரிடம் போனேன். இதை எடுத்துக்கொண்டு பெயரை எழுதுங்கள் என்று காலில் விழுந்தேன். "செத்தவர் பேரை எப்படி அம்மா திரும்ப எழுதுறது?" என்றார்.

வியாழக்கிழமை வருகிறேன். பட்டியல் இல்லை. உங்களுக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன், நினைவில் இருந்த அளவுக்கு.

முகாம் வாசலில் நிற்கிறவன் யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? தாளில் நான் உங்கள் விதவை.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா